மருந்தியலை மனத்தில் நிறுத்துவது எப்படி? செவிலிய மாணவர்களுக்குத் தமிழ் யாப்பு வழியில் ஒரு முழுமையான வழிகாட்டி

காவிரிப் படுகையின் சிற்றூர்களிலிருந்து செவிலியர் படிப்புக்கு வருபவர்களில் பலர் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவர்கள். பி.எஸ்சி. நர்சிங் படிப்பின் மூன்றாம், நான்காம் பருவங்களில் மருந்தியல் வந்து சேரும்போது, நூற்றுக்கணக்கான மருந்துப் பெயர்களை அவர்கள் ஆங்கிலத்தில் படித்து ஆங்கிலத்திலேயே தேர்வெழுத வேண்டியிருக்கிறது. ஆனால் வார்டில் அந்த மருந்தை வாங்கிக்கொள்ளும் நோயாளி தமிழில்தான் கேள்வி கேட்கிறார்; அவருக்குத் தோன்றும் பக்கவிளைவையும் தமிழில்தான் சொல்கிறார். இந்த இடைவெளியில்தான் மருந்தியல் கடினமான பாடமாகத் தோன்றுகிறது. பாடத்தின் இயல்பு அதற்குக் காரணமன்று என்பது கற்பிக்கும் இடத்தில் நின்று பார்க்கும் என்னுடைய உறுதியான கருத்து.

இணையத்தில் கிடைக்கும் நினைவுக்குறிப்புகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்துச் சுருக்கங்களாகவே இருக்கின்றன. அவற்றில் பல அமெரிக்க மாணவர்களுக்காக உருவானவை. நாம் பாராசிட்டமால் என்பது அங்கே அசெட்டமினோஃபென். நம்முடைய சால்பியூட்டமால் அங்கே அல்பியூட்டரால். அட்ரினலின் அங்கே எபிநெஃப்ரின். ஒரு சுருக்கத்தை மனப்பாடம் செய்து, அதை விரித்து, விரித்ததை நம் ஊர்ப் பெயருக்கு மாற்றி, பிறகு தமிழில் நோயாளிக்குச் சொல்வதென்றால் நினைவுக்கு உதவ வந்த கருவியே இன்னொரு சுமையாகிவிடுகிறது.

தமிழில் நினைவுக்கென்றே வளர்ந்த கருவிகள் இருக்கின்றன. சித்த மருத்துவ நூல்கள் பெரும்பாலும் செய்யுளாகவே அமைந்ததற்கு அவை ஓலையில் மட்டுமன்றி நாவிலும் நிற்க வேண்டியிருந்தது ஒரு காரணம். சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றையும் திரிகடுகம் என்று ஒரே தொகைப்பெயரில் அடக்கிவிட்டால் அவற்றில் ஒன்று விட்டுப்போகாது. இரண்டாம் சரபோஜி காலத்தில் தஞ்சையின் தன்வந்திரி மகாலில் கையாளப்பட்ட மருத்துவ முறைகளும் தமிழ்ப் பாடல்களாக எழுதி வைக்கப்பட்டன. மோனை, இயைபு, முரண், அந்தாதி, தொகை ஆகியவற்றைப் பள்ளியில் செய்யுள் பகுதியிலேயே நீங்கள் கற்றிருக்கிறீர்கள். அவற்றை மருந்தியலுக்குப் பயன்படுத்தும் வழியைப் படிப்படியாகக் கீழே தருகிறேன்.

தொடங்கும் முன் ஒரு விதியை ஏற்றுக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு நினைவுக்குறிப்பும் செவிலியர் செய்ய வேண்டிய ஒரு செயலில் முடிய வேண்டும். எதைப் பார்க்க வேண்டும், எதை எண்ண வேண்டும், எதை நோயாளியிடம் சொல்ல வேண்டும், எப்போது மருந்தை நிறுத்திவைத்து மருத்துவரை அழைக்க வேண்டும் என்பவற்றுள் ஒன்றேனும் அதில் இல்லையெனில் அந்தக் குறிப்பு பாதியில் நிற்கிறது.

முதற்படி: மருந்து உடலில் செல்லும் பாதையைப் புரிந்துகொள்ளுங்கள்

மருந்து உறிஞ்சப்படுகிறது, பரவுகிறது, சிதைக்கப்படுகிறது, வெளியேறுகிறது. இந்த நான்கையும் புரிந்துகொள்ளாமல் எந்த நினைவுக்குறிப்பையும் தொடாதீர்கள். மேட்டூரில் திறந்துவிடப்படும் நீர் முழுவதும் கடைமடைக்கு வந்து சேர்வதில்லை என்பது இந்தப் பகுதியில் அனைவரும் அறிந்தது. வாய்வழி கொடுக்கும் மருந்தும் அப்படித்தான். அது குடலில் உறிஞ்சப்பட்டு, பொதுச் சுற்றோட்டத்தில் கலப்பதற்கு முன் போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்குச் செல்கிறது. அங்கே அதன் ஒரு பகுதி சிதைந்துவிடுகிறது. புரோப்ரனலாலை வாய்வழியில் பத்துக்கணக்கான மில்லிகிராம் கொடுக்கும்போது சிரைவழியில் ஒரு மில்லிகிராம் அளவிலேயே மெதுவாகக் கொடுப்பதற்கு இதுவே காரணம். நெஞ்சுவலிக்குக் கிளிசரில் டிரைநைட்ரேட் மாத்திரையை நாக்கின் அடியில் வைப்பதும் கல்லீரலைத் தவிர்ப்பதற்காகத்தான். காரணம் தெரிந்துவிட்டால் செயல் தானாகவே வருகிறது: அந்த மாத்திரையை விழுங்கக் கூடாது என்று நோயாளியிடம் சொல்லியாக வேண்டும்.

வெளியேற்றத்தையும் இவ்வாறே படியுங்கள். ஜென்டாமைசின் சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. சிறுநீரகம் தளர்ந்திருந்தால் உடலில் தேங்கிச் சிறுநீரகத்தையும் உட்செவியையும் கெடுக்கிறது. எனவே அந்த ஊசி போடப்படும் நோயாளியின் சிறுநீர் அளவைக் குறிப்பதும், காதில் இரைச்சல் இருக்கிறதா என்று கேட்பதும் செவிலியரின் வேலையாகிறது. இதற்குத் தனி நினைவுக்குறிப்பு எதுவும் தேவையில்லை.

இரண்டாம் படி: இயைபைக் கொண்டு குடும்பங்களை அறியுங்கள்

அடிகளின் இறுதி ஒன்றி வருவது இயைபு. மருந்துகளின் பொதுப்பெயர்கள் இந்த ஒழுங்கில் அமைந்திருப்பது தற்செயலன்று. உலக சுகாதார நிறுவனம் 1950-இல் எடுத்த தீர்மானத்தின்படி சர்வதேசப் பொதுப்பெயர்களுக்கான திட்டத்தைத் தொடங்கி, 1953-இல் முதற்பட்டியலை வெளியிட்டது. ஒரே வகையாகச் செயல்படும் மருந்துகளுக்கு ஒரே ஈற்றைத் தருவது அதன் வழக்கம். வணிகப் பெயர்களில் இந்த ஒழுங்கு இருக்காது. அரசு மருத்துவமனைகளுக்கு 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் பொதுப்பெயரிலேயே மருந்துகளை வாங்கித் தருவதால், அரசு வார்டில் போஸ்டிங் (பயிற்சிப் பணி) இருக்கும் மாணவர்களுக்கு இந்த முறை நாள்தோறும் பயன்படும்.

குடும்பத்தை மட்டும் நினைவில் வைத்தால் போதாது. ஈற்றோடு செயலையும் கோத்துவிடுங்கள். நான் வகுப்பில் இப்படிச் சொல்லவைப்பது வழக்கம்:

லால் என முடிந்தால் நாடியை எண்ணு.
ப்ரில் என முடிந்தால் இருமலைக் கேள்.
டிபின் என முடிந்தால் கணுக்காலைப் பார்.
ஸ்டாட்டின் என முடிந்தால் தசைவலி விசாரி.
ப்ரசோல் என முடிந்தால் உணவுக்கு முன் கொடு.

அடெனோலால், மெட்டோபிரலால், புரோப்ரனலால் ஆகியவை பீட்டா ஏற்பிகளை (அட்ரினலின் வந்து பற்றும் இடங்களை) தடுத்து நாடித்துடிப்பைக் குறைப்பவை. பீட்டா ஏற்பிகளுக்கு எண்ணே நினைவுக்குறிப்பாகும்: பீட்டா ஒன்று, ஒரே இதயம், பீட்டா இரண்டு, இரண்டு நுரையீரல். புரோப்ரனலால் இரண்டையும் தடுப்பதால் ஆஸ்துமா நோயாளிக்கு எழுதப்பட்டிருந்தால் கொடுக்கும் முன் மருத்துவரிடம் கேட்க வேண்டும். எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற ரத்த அழுத்த மருந்துகள் பிராடிகைனின் என்ற உடற்பொருள் சிதைவதைத் தடுப்பதால் வறட்டு இருமல் வருகிறது. உதடும் நாக்கும் வீங்கினால் அது அவசரநிலை. கர்ப்பிணிக்கு இவற்றைக் கொடுக்கக் கூடாது. அம்லோடிபின் கணுக்காலில் வீக்கம் உண்டாக்கலாம். அடோர்வாஸ்டாட்டின் எடுப்பவருக்குக் காரணமில்லாத தசைவலி இருந்தால் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல் இரண்டும் உணவுக்கு அரைமணி நேரம் முன்பு கொடுத்தால்தான் நன்கு வேலை செய்யும்.

இனி விதிவிலக்குகள். இவற்றைத் தனியாகச் சிவப்பு மையில் எழுதிவையுங்கள், ஏனெனில் இயைபை நம்பிச் செல்பவர் இடறும் இடம் இதுதான். நிஸ்டாட்டின் என்பது கொழுப்பைக் குறைக்கும் மருந்தன்று; வாயில் வரும் பூஞ்சைப் புண்ணுக்கானது. அரிபிப்ரசோல் அமிலத்தைக் குறைப்பதன்று, மனநோய்க்கானது. ஃப்ளூகோனசோல் பூஞ்சைக்கும் அல்பெண்டசோல் குடற்புழுவுக்கும் உரியவை. சோல் என்ற ஒலி மட்டும் கேட்டால் போதாது, அதற்கு முன்னுள்ள அசையையும் கேட்க வேண்டும். மைசின் என முடிபவை ஒரே குடும்பமே அல்ல: ஸ்ட்ரெப்டோமைசின், அசித்ரோமைசின், கிளிண்டாமைசின், வான்கோமைசின் ஆகிய நான்கும் நான்கு வெவ்வேறு வகைகள்.

மூன்றாம் படி: மோனையைக் கொண்டு பக்கவிளைவைப் பிணையுங்கள்

முதலெழுத்து ஒன்றி வருவது மோனை. மருந்தின் முதலெழுத்தையும் அதன் விளைவைச் சொல்லும் தமிழ்ச் சொல்லின் முதலெழுத்தையும் இணைத்தால், நோயாளியிடம் பேச வேண்டிய சொல் அதே கணத்தில் வாயில் வந்து நிற்கும். காசநோய்க்கான நான்கு மருந்துகள் இதற்குச் சிறந்த பயிற்சி.

ஐசோனியசிட்: ஐந்து விரலிலும் எரிச்சல்.
ரிஃபாம்பிசின்: ரத்தமல்ல, சிவந்த சிறுநீர்.
பைரசினமைடு: பாதமூட்டில் வலி.
எத்தாம்புட்டால்: எழுத்தும் நிறமும் மங்கல்.

ஐசோனியசிட் நரம்பு முனைகளைப் பாதிப்பதால் பைரிடாக்சின் (வைட்டமின் பி6) சேர்த்துக் கொடுக்கப்படுகிறது. ரிஃபாம்பிசின் சிறுநீரையும் வியர்வையையும் கண்ணீரையும் செம்மஞ்சளாக்கும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் நோயாளி அதை ரத்தம் என்று அஞ்சி மருந்தையே நிறுத்திவிடக்கூடும். கருத்தடை மாத்திரையின் பலனையும் அது குறைப்பதால் இளம்பெண்களிடம் இதைத் தனியே பேச வேண்டும். பைரசினமைடு யூரிக் அமிலத்தை உயர்த்துகிறது. எத்தாம்புட்டால் கண் நரம்பைத் தாக்கி, சிவப்புக்கும் பச்சைக்கும் உள்ள வேறுபாட்டை மறைக்கலாம். முதல் மூன்று மருந்துகளும் கல்லீரலைக் கெடுக்கக்கூடியவை என்பதால் கண் மஞ்சளாகிறதா, பசி குறைகிறதா என்று ஒவ்வொரு முறையும் கேட்பது அந்த மூன்று வரிகளுக்கும் பொதுவான செயலாகும்.

ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளுக்கு மோனை தானாகவே அமைந்துவிடுகிறது: வார்ஃபரின், வாய்வழி, வைட்டமின் கே. வார்ஃபரின் வாய்வழி கொடுக்கப்படுகிறது. அதன் மாற்றுமருந்து வைட்டமின் கே. அதைக் கண்காணிப்பது, ரத்தம் உறைய ஆகும் நேரத்தை ஒப்பிட்டுக் காட்டும் ஐ.என்.ஆர். சோதனை. இந்த மூன்று வகரங்களில் அடங்காதது ஹெபாரின்: அது ஊசிவழி கொடுக்கப்படுவது, அதன் மாற்றுமருந்து புரோட்டமைன் சல்பேட்.

மோனையும் தொகையும் ஒன்றுசேரும்போது குறிப்பு இன்னும் உறுதியாகிறது. கர்ப்பகால வலிப்புக்கு மெக்னீசியம் சல்பேட் கொடுக்கப்படுகிறது. தஞ்சை இராசா மிராசுதார் மருத்துவமனை போன்ற மகப்பேற்று மருத்துவமனைகளில் பணியாற்றப் போகும் எந்தச் செவிலியருக்கும் இந்த மருந்து தெரியாமல் முடியாது. அளவு மிஞ்சினால் இது தசைகளைத் தளர்த்தி மூச்சையே நிறுத்திவிடும் என்பதால், அடுத்த டோஸுக்கு முன் மூன்றைப் பார்க்க வேண்டும். அவற்றை மூன்று மூகாரங்களாகச் சொல்லுங்கள்: மூட்டு, மூச்சு, மூத்திரம்.

முழங்கால் மூட்டில் தட்டினால் அனிச்சைத் துள்ளல் இருக்க வேண்டும். மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையக் கூடாது. மூத்திரம் மணிக்கு 30 மில்லிக்குக் குறையக் கூடாது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் அடுத்த டோஸைக் கொடுக்காமல் மருத்துவரை அழைக்க வேண்டும். வரிசையும் காரணமுடையது: மெக்னீசியம் ரத்தத்தில் ஏறும்போது முதலில் மறைவது மூட்டின் துள்ளல், அதன்பின் பாதிக்கப்படுவதே மூச்சு. மூத்திரம் வெளியேறாவிட்டால் மெக்னீசியமும் வெளியேறாது. மாற்றுமருந்தான கால்சியம் குளுக்கோனேட் 10 சதவீதக் கரைசல், 10 மில்லி, அந்தக் கட்டிலின் அருகிலேயே தயாராக இருக்க வேண்டும்.

நான்காம் படி: முரணைக் கொண்டு மாற்றுமருந்தைக் கற்றுக்கொள்ளுங்கள்

நஞ்சையும் மாற்றுமருந்தையும் இரண்டு பத்திகளாக எழுதி மனப்பாடம் செய்வதே பலரின் வழக்கம். பாராசிட்டமாலுக்கு அசிட்டைல்சிஸ்டைன், ஓபியாய்டுக்கு (மார்ஃபின் வகை வலிநிவாரணிக்கு) நலாக்சோன், டயசெபாம் வகைக்கு ஃப்ளூமசெனில், இரும்புச்சத்து மாத்திரைக்கு டெஃபெராக்சமின் என்று அந்தப் பட்டியல் நீளும். தேர்வுக்கு அது தேவைதான். ஆனால் முரண் தொடை என்பது எதிரெதிர்ப் பொருள்களை அருகருகே நிறுத்துவது. அதைப் பயன்படுத்தினால் நஞ்சின் அறிகுறியிலிருந்தே மருந்தின் குறிக்கோளைச் சொல்லிவிடலாம். நெல் விளையும் மாவட்டங்களின் அவசரப் பிரிவுகளுக்கு மிகவும் தேவையான பாடம் ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லி நஞ்சு என்பதால் இதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

இந்த நஞ்சு அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை முடக்குகிறது. அசிட்டைல்கோலின் தேங்கி, உடலின் சுரப்புகள் எல்லாம் பெருகுகின்றன: கண்ணீர் வடியும், எச்சில் ஒழுகும், வியர்வை நனைக்கும், வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும், சிறுநீர் தானாகக் கழியும், மூச்சுக்குழாயில் நீர் கோக்கும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், நாடி பெரும்பாலும் தளரும். அட்ரோபின் இவை ஒவ்வொன்றுக்கும் நேர் எதிரானது. அதை இவ்வாறு முரணாகச் சொல்லிப் பழகுங்கள்: நஞ்சு நனைக்கும், அட்ரோபின் உலர்த்தும், நஞ்சு சுருக்கும், அட்ரோபின் விரிக்கும், நஞ்சு தளர்த்தும், அட்ரோபின் முடுக்கும்.

அட்ரோபின் போதுமான அளவு சென்றுவிட்டதா என்பதைக் கட்டிலருகே கண்டறிவது செவிலியரின் பொறுப்பு. அதற்கு ‘ந’ வரிசையில் தொடங்கும் மூன்று சொற்கள்: நெஞ்சு, நாடி, நனைவு. ஸ்டெதஸ்கோப்பில் நெஞ்சு தெளிவாகக் கேட்க வேண்டும். நாடி நிமிடத்துக்கு 80-ஐத் தாண்ட வேண்டும். அக்குளில் நனைவு நிற்க வேண்டும். இவற்றுடன் சிஸ்டாலிக் ரத்த அழுத்தம் (இரு எண்களில் மேலுள்ளது) 80-க்கு மேல் இருக்கிறதா, கண்மணி ஊசிமுனை நிலையிலிருந்து மீண்டதா என்றும் பார்க்க வேண்டும். இவற்றுள் முதன்மையானது நெஞ்சே. கண்மணி விரிந்துவிட்டது என்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வந்தால், நுரையீரலில் நீர் நிற்கும்போதே மருந்து குறைக்கப்படும் ஆபத்து இருக்கிறது. மறுபுறம் காய்ச்சல், பிதற்றல், வயிற்றில் குடலோசை இல்லாமை, சிறுநீர் அடைப்பு ஆகியவை அட்ரோபின் மிஞ்சியதன் அறிகுறிகள். அவற்றைக் கண்டதும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

முரணுக்கும் ஓர் எல்லை உண்டு, அதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அட்ரோபின் தசைத் தளர்ச்சியை மாற்றாது. அதற்காகவே பிராலிடாக்சைம் என்ற மருந்து இருக்கிறது. நொதியோடு நஞ்சு நிலையாகப் பிணைந்துவிடும் முன் கொடுத்தால்தான் அதற்குப் பயன் உண்டு. நோயாளி தெளிந்துவிட்டதாகத் தோன்றும் நேரத்தில், நஞ்சு சென்று ஏறத்தாழ 24 முதல் 96 மணி நேரத்துக்குள், கழுத்துத் தசைகளும் மூச்சுத் தசைகளும் தளரக்கூடும். ஆகவே தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள். தூக்க முடியவில்லையென்றால் உடனே அழையுங்கள். எந்த எழுத்துச் சுருக்கத்திலும் பொதுவாகச் சேராத இந்தச் சிறிய சோதனையை, எட்டாம் படியில் சொல்லப்போகும் உங்கள் நினைவு அட்டையில் கட்டாயம் எழுதிவையுங்கள்.

ஐந்தாம் படி: காரணச் சங்கிலியை அந்தாதியாக்குங்கள்

ஒரு பாடலின் இறுதிச்சொல் அடுத்த பாடலின் முதற்சொல்லாக வருவது அந்தாதி. மருந்துகளுக்கிடையிலான வினையை நினைவில் நிறுத்த இதைவிடப் பொருத்தமான வடிவத்தை நான் கண்டதில்லை, ஏனெனில் ஒரு கண்ணி விட்டுப்போனால் அடுத்த வரியைத் தொடங்கவே முடியாது. இதயம் தளர்ந்த நோயாளிக்கு ஃபுரோசமைடும் டிகாக்சினும் சேர்த்து எழுதப்படுவது வழக்கம்:

ஃபுரோசமைடு கொடுத்தால் சிறுநீர் பெருகும்.
சிறுநீர் பெருகினால் பொட்டாசியம் குறையும்.
பொட்டாசியம் குறைந்தால் டிகாக்சின் நஞ்சாகும்.
டிகாக்சின் நஞ்சானால் துடிப்பு தடுமாறும்.

பொட்டாசியமும் டிகாக்சினும் இதயத் தசையணுவின் ஒரே பம்பில் ஒரே இடத்துக்குப் போட்டியிடுகின்றன. பொட்டாசியம் குறைந்தால் டிகாக்சின் அதிகமாக ஒட்டிக்கொள்கிறது. இதுவே மூன்றாம் வரியின் காரணம். செயலும் இந்த வரிகளிலிருந்தே பிறக்கிறது. டிகாக்சினுக்கு முன் இதய நுனியில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். வயது வந்தவருக்கு 60-க்குக் குறைந்தால் மருந்தை நிறுத்திவைத்துத் தெரிவியுங்கள். குமட்டல், பசியின்மை, வெளிச்சத்தைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரிதல் ஆகியவற்றைக் கேளுங்கள். கேஸ் ஷீட்டில் பொட்டாசியம் அளவைத் தேடிப் பாருங்கள். குறைந்த பொட்டாசியத்தை ஈடுசெய்யப் பொட்டாசியம் குளோரைடு ஊசி எழுதப்பட்டால் அதை ஒருபோதும் நேரடியாகச் சிரையில் செலுத்தக் கூடாது; கரைசலில் கலந்து மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும்.

ஸ்பைரனோலாக்டோனையும் எனலாப்ரிலையும் வைத்துப் பொட்டாசியம் கூடுவதற்கான அந்தாதியை நீங்களே கட்டிப் பாருங்கள். தாமே கட்டிய வரியே மனத்தில் நெடுநாள் நிற்கிறது என்பதை என் மாணவர்களிடம் தொடர்ந்து பார்த்திருக்கிறேன்.

ஆறாம் படி: வரிசைப்படி செய்ய வேண்டியவை

மருந்து கொடுக்கும் முன் சரிபார்க்க வேண்டியவை ஆள், மருந்து, அளவு, வழி, நேரம் ஆகிய ஐந்து, கொடுத்தபின் பதிவு. இவற்றின் முதலெழுத்துகளைக் கொண்ட ஒரு வாக்கியம்: ஆற்றில் மறுபடி அணைநீர் வந்தால் நெல் பயிராகும்.

இருவகை இன்சுலினை ஒரே சிரிஞ்சில் கலப்பதற்கு ஊர்வரிசை உதவும். தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் செல்லும் ரயில் பாதையில் சாலியமங்கலம், அம்மாப்பேட்டை, நீடாமங்கலம், கொரடாச்சேரி என்று நிலையங்கள் வரும். சாலியமங்கலத்தில் கலங்கிய இன்சுலினுக்குக் காற்று, அம்மாப்பேட்டையில் தெளிந்த இன்சுலினுக்குக் காற்று, நீடாமங்கலத்தில் தெளிந்ததை உறிஞ்சுதல், கொரடாச்சேரியில் கலங்கியதை உறிஞ்சுதல், திருவாரூரில் ஊசி. வேறு ஊர்க்காரர்கள் தங்கள் பேருந்து நிறுத்தங்களை வைத்துக்கொள்ளலாம். கிளார்ஜின் இன்சுலின் தெளிவாகத்தான் இருக்கும். ஆனால் அதை எதனோடும் கலக்கக் கூடாது. மேலும், ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள வயலுக்குச் சிவப்பு மூடிச் சிரிஞ்சையும், 100 யூனிட் உள்ளதற்கு ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சையும் பயன்படுத்த வேண்டும். மாறினால் டோஸ் இரண்டரை மடங்கு பிழையாகும்.

ஏழாம் படி: மனப்பாடத்துக்கு விடக் கூடாதவை

டோஸ் கணக்கை நினைவுக்குறிப்பால் தீர்க்க முடியாது. ஒவ்வொரு முறையும் எழுதிப் போட வேண்டும். வேண்டியதை இருப்பதால் வகுத்துக் கரைசலின் அளவால் பெருக்குவதே அடிப்படை. 12 கிலோ எடையுள்ள குழந்தைக்குப் பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றால் 180 மில்லிகிராம் வேண்டும். 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 7.2 மில்லி, 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ளதென்றால் 3.6 மில்லி. குழந்தையும் மருந்தும் ஒன்றே, பாட்டில் மாறினால் அளவு பாதியாகிறது. எனவே லேபிளைப் படிக்காமல் “இந்த வயதுக்கு இத்தனை மில்லி” என்று நினைவில் வைப்பது ஆபத்தானது.

டிரிப்ஸ் கணக்கும் இதே போன்றது. 500 மில்லியை 4 மணி நேரத்தில், மில்லிக்கு 20 சொட்டு விழும் செட்டில் ஏற்ற வேண்டுமென்றால், 500-ஐ 20-ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுக்க 41.7 வரும், நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 சொட்டு. மில்லிக்கு 60 சொட்டு விழும் மைக்ரோ செட்டில் மட்டும், மணிக்கு எத்தனை மில்லியோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. செட்டின் உறையில் அச்சிட்டிருக்கும் சொட்டு எண்ணிக்கையைப் பார்த்தபின் கணக்கைத் தொடங்குங்கள்.

டோபமின், டோபுடமின் போன்ற ஒலியொத்த பெயர்களையும் மோனையில் சேர்க்காதீர்கள். இரண்டையும் ஒரே அட்டையில் எதிரெதிராக எழுதி, வேறுபடும் அசையை அடிக்கோடிட்டு வையுங்கள்.

எட்டாம் படி: அட்டைகளும் கால இடைவெளியும்

படித்தது மறந்துபோகும் வேகத்தை ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் தம்மீதே சோதனை செய்து 1885-இல் வெளியிட்டார்: மறதி முதல் சில மணி நேரங்களிலேயே மிக வேகமாக நிகழ்கிறது, பிறகு மெல்ல மட்டுப்படுகிறது. ஆகவே திரும்பப் படிப்பதற்கான நாட்களை முன்பே முடிவு செய்யுங்கள். வகுப்பு நடந்த அன்றிரவு, மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினைந்தாம் நாள், மாத இறுதி என்பது பெரும்பாலானவர்களுக்கு இயலும் இடைவெளி.

சாதாரண அஞ்சலட்டை அளவில் தாளை வெட்டிக்கொள்ளுங்கள். முன்பக்கத்தில் மருந்தின் பொதுப்பெயரைத் தமிழிலும் தேர்வுக்கு வேண்டிய ஆங்கில எழுத்திலும் எழுதுங்கள். பின்பக்கத்தில் குடும்பம், செயல்படும் முறை ஒரே வாக்கியத்தில், நினைவு வரி, இறுதியாகச் செவிலியரின் செயல். செபாஸ்டியன் லைட்னர் 1970-களில் பரப்பிய ஐந்து பெட்டி முறையை அட்டைகளுக்குப் பின்பற்றலாம்: சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், தவறிய அட்டை எந்தப் பெட்டியில் இருந்தாலும் முதல் பெட்டிக்குத் திரும்பும். பெட்டிக்குப் பதில் ரப்பர் பட்டை போட்ட ஐந்து கட்டுகள் போதும். செல்பேசியில் ஆங்கி போன்ற செயலியைப் பயன்படுத்துபவர்களுக்கு இடைவெளியை அதுவே கணக்கிட்டுத் தரும். எனினும் முதல்முறை கையால் எழுதுவதை விட்டுவிடாதீர்கள்.

அட்டையைத் திருப்பிப் பார்க்கும் முன் விடையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது இதில் முக்கியமானது. மீண்டும் மீண்டும் வாசிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்துச் சொல்வதே நீண்டநாள் நிற்கும் என்பதை ரோடிகரும் கார்பிக்கேயும் 2006-இல் கல்லூரி மாணவர்களிடம் நடத்திய ஆய்வு காட்டியது. மன்னார்குடியிலிருந்தோ பாபநாசத்திலிருந்தோ நாள்தோறும் பேருந்தில் வருபவர்களுக்கு அந்தப் பயணமே இதற்கு உகந்த நேரம். அருகில் அமர்ந்த தோழியிடம் ஒருவர் அறிகுறியைச் சொல்ல, மற்றவர் மருந்தையும் செயலையும் சொல்லட்டும்; அடுத்த நாள் முறை மாறட்டும்.

ஒன்பதாம் படி: வார்டிலும் தேர்விலும்

போஸ்டிங் நாளில் உங்கள் பொறுப்பிலுள்ள நோயாளி ஒருவரின் கேஸ் ஷீட்டை எடுத்து, அவருடைய மருந்துகளுக்கு மட்டும் அட்டைகளைப் பிரித்து வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “அம்மா, வறட்டு இருமல் வருகிறதா?”, “ஐயா, காலில் வீக்கம் தெரிகிறதா?” அவர் தரும் விடையை அட்டையின் ஓரத்தில், பெயரும் படுக்கை எண்ணும் இல்லாமல், குறித்துக்கொள்ளுங்கள். நினைவு வரியும் மருத்துவரின் எழுத்தும் முரண்பட்டால் வரியை நம்பி முடிவெடுக்கக் கூடாது. பொறுப்புச் செவிலியரிடம் கேட்டுத் தெளிந்தபின்பே மருந்தைத் தொட வேண்டும். மருத்துவமனையின் நடைமுறை மாறியது தெரிந்தால் பழைய அட்டையைக் கிழித்துப் புதிதாக எழுதுங்கள்.

தேர்வுத்தாளில் நினைவு வரியை அப்படியே எழுதினால் மதிப்பெண் வராது. அதை விரித்து எழுத வேண்டும். மெக்னீசியம் சல்பேட் பற்றிக் கேட்டால், வினாத்தாளின் ஓரத்தில் எதையும் எழுதாமல் விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் மூன்று மூகாரங்களையும் பென்சிலில் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் முழு வாக்கியமாக்குங்கள்: அனிச்சைத் துள்ளல் எப்படிச் சோதிக்கப்படுகிறது, மூச்சு எண்ணிக்கை எதற்குக் குறைந்தால் டோஸ் நிறுத்தப்படுகிறது, சிறுநீர் அளவு ஏன் கணக்கிடப்படுகிறது, கால்சியம் குளுக்கோனேட் எந்த அளவில் எப்படிக் கொடுக்கப்படுகிறது என்று நான்கு பத்திகள் எழுதியபின், பென்சில் குறிப்பை அடித்துவிட்டு அடுத்த வினாவுக்குச் செல்லுங்கள்.